மச்சான் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம்

என் அக்கா ஷரபுன்னிசாவின் கணவர் அப்துல் அஹதைப் பற்றி பாலக்கரையில் யாரைக் கேட்டாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். தங்கமான மனுஷன், எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் உட்காராமல் ஓடியாடி வேலை செய்வார் என்பார்கள். இல்லாவிட்டால், கத்தாரில் இருந்துவிட்டு வந்த திமிர், சலாம் சொன்னால் பதில்கூட ஒழுங்காக வராது என்பார்கள். இரண்டும் பொய். கல்யாண வீட்டில் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் பேச்சுக் கொடுப்பார். பிரியாணி தேக்சாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நிற்பவரிடம் யாரும் "அப்புறம், சொல்லுங்க பாய்" என்று கேட்பதில்லை. அதனால்தான் அந்த ஓட்டம். சலாமுக்கும் பதில் சொல்லத்தான் செய்வார். குரல் நடுங்கிவிடுமோ என்று பாதியை விழுங்கிவிடுவார், அவ்வளவுதான்.

நானும் அவரும் சேர்ந்து சின்னக்கடை வீதியில் ஒரு கடை நடத்துகிறோம். பேப்பர் கப், பாக்குமட்டைத் தட்டு, துணிப்பை, டேப், இந்த மாதிரி சாமான்கள். முன்னால் நான். பின்னால் சரக்கு அறையில் மச்சான். கத்தாரிலும் அவர் பார்த்தது கிடங்கு வேலைதான். அங்கே ஒருமுறை அவரை சூப்பர்வைசர் ஆக்கப் பார்த்தார்களாம். காலையில் பத்து பேரை நிற்கவைத்து வேலை சொல்ல வேண்டும் என்றதும், இடுப்பு வலி என்று சொல்லித் தப்பித்திருக்கிறார். இதை என்னிடம் அவர் பெருமையாகச் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. மழைக்கு ஒதுங்கினேன் என்பதைப் போலச் சொன்னார்.

அவரோடு ஒரே கடையில் வருஷக்கணக்காக இருந்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. மச்சானின் தலைக்குள் எப்போதும் ஒரு பஞ்சாயத்து கூடியிருக்கிறது. குற்றவாளி அவர்தான், நாட்டாமையும் அவர்தான். வாடிக்கையாளர் ஒருவர் சரக்கு அறையை எட்டிப் பார்த்து, "என்ன பாய், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். பத்து நிமிஷம் கழித்து மச்சான் வெளியே வருவார்.

"ஜமாலு, அவரு ஏன் அப்படிக் கேட்டாரு?"

"எப்படிக் கேட்டாரு?"

"ஒரு மாதிரியா. என் மூஞ்சி எதுவும் ஒரு மாதிரி இருக்கா?"

"இல்ல மச்சான். அவருக்கு டேப் வேணும், வந்தாரு. வாங்கினாரு, போயிட்டாரு."

"நீ எனக்காகச் சொல்ற."

இந்தக் கடைசி வார்த்தையில்தான் அவர் கணக்கு முழுக்க இருக்கிறது. நல்லதாக நாம் எதைச் சொன்னாலும், அவர் மனசு நோகக்கூடாது என்று சொல்கிறோம். யாராவது முகத்தைச் சுளித்தால் மட்டும் அது உண்மை. இவர் பாதி சலாம் சொல்ல, திமிர் பிடித்தவர் என்று அவர்கள் ஒதுங்க, பார்த்தாயா என்னை யாருக்கும் பிடிக்கவில்லை என்று இவர் இன்னும் உள்ளே போக, இப்படியே முப்பது வருஷம் ஓடிவிட்டது. எனக்கு எரிச்சல் வரும். சத்தம்கூடப் போட்டிருக்கிறேன். அவர் கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார். வேர்க்கிறதோ இல்லையோ, கர்சீப் எப்போதும் கையில் இருக்கும். ஆள் வந்தால் அது முகத்துக்குப் போகும்.

இந்த மனிதருக்குத்தான் போன வருஷம் மகள் கல்யாணம் வந்தது.

ஆஃப்ரின் அவருக்கு ஒரே மகள். பிசியோதெரபி படித்துவிட்டு ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை அயான், துவாக்குடியில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் இன்ஜினியர். எல்லாம் பேசி முடித்து, நாள் குறித்து, ஒரு சாயங்காலம் நாங்கள் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஆஃப்ரின் சொன்னாள்.

"அத்தா, நிக்காஹ்ல வக்கீலா யாரையும் வைக்காதீங்க. நீங்களே சொல்லிக் கொடுங்க. எனக்கு அது போதும்."

நிக்காஹ் மேடையில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். 'என் மகள் ஆஃப்ரினை, பேசிய மஹருக்கு, உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்.' அவ்வளவுதான். மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற தொகை. சொல்லத் தயங்குகிற தகப்பன்மார்கள் வேறொருவரை வக்கீலாக வைத்துச் சொல்லச் சொல்லலாம். பெரும்பாலும் நிக்காஹ் நடத்திவைக்கிற ஹஜ்ரத்தே சொல்லிவிடுவார். தப்பே கிடையாது. யாரும் குறையாக நினைப்பதும் இல்லை. மச்சானும் அந்த தைரியத்தில்தான் இருந்திருப்பார்.

"ஹஜ்ரத் நல்லாச் சொல்லுவாரும்மா," என்றார்.

"ஹஜ்ரத் எனக்கு அத்தாவா?" என்றாள்.

அவள் கேட்டதில் கோபம் இல்லை. அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது மச்சான் ஊருக்கு வந்து நிலையாகத் தங்கிவிட்டார். ஆனாலும் ரேங்க் கார்டு வாங்கவும், டீச்சரைப் பார்க்கவும், ஆண்டு விழாவுக்கும் அக்காவோ நானோதான் போவோம். கூடப் படித்த பெண்கள் அவளுக்கு அத்தா இல்லை என்றே நினைத்திருந்தார்கள். ஒருத்தி ஒருநாள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்திருந்த மச்சானைக் காட்டி, "இவரு யாரு?" என்று கேட்டாளாம். ஆஃப்ரினுக்கு அது மறக்கவே இல்லை. ஊர் முன்னால், மைக்கில், ஒரே ஒரு தடவை அவர் 'என் மகள்' என்று சொல்ல வேண்டும். அதைத்தான் அவள் கேட்டாள்.

மச்சான் டீயைக் கீழே வைத்துவிட்டு, "சரிம்மா, சொல்றேன்," என்றார். அவர் சரி என்றது எனக்கே ஆச்சரியம். அக்கா அன்றைக்கு அழுதாள்.

மறுநாள் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "என் நிக்காஹ்ல நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. அப்போது எனக்கு இருபது வயது, மேடைக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஹஜ்ரத் கேட்க, மச்சான் ஏற்றுக்கொண்டதாக 'கபூல் செய்தேன்' என்று சொல்ல, அந்த நேரம் பார்த்து மைக் உய்யென்று ஊளையிட்டது. ஹஜ்ரத் காதைப் பொத்திக்கொண்டார். கூட்டம் சிரித்தது. மறுபடி சொல்லச் சொன்னார்கள், சொன்னார். நடந்தது இவ்வளவுதான். ஆனால் மச்சானைப் பொறுத்தவரை அன்று சிரித்த அத்தனை பேரும் அவர் குரலைக் கேட்டுத்தான் சிரித்தார்கள். மைக்காரனைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. நான் அவருக்காகச் சொல்கிறேனாம்.

அக்காவுக்குத் தெரிந்த நர்ஸ் ஒருவர் சொல்லி, லிசி என்கிற மனநல ஆலோசகரிடம் அவரைக் கூட்டிப் போனேன். ஸ்ரீரங்கத்தில், ஒரு மெடிக்கல் கடைக்கு மேல் மாடியில் அறை. பாலக்கரைக்காரர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதால் ஸ்ரீரங்கம்தான் வசதி என்று மச்சானே ஒத்துக்கொண்டார். சத்திரத்தில் பஸ் ஏறியதிலிருந்து இறங்கும் வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்து வந்தார். திருவானைக்காவலில் நிறைய பேர் ஏறினார்கள். ஒருவர் இவரைப் பார்த்தார் என்று என் தொடையைக் கிள்ளினார். அந்த ஆள் நிறுத்தம் வந்துவிட்டதா என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

லிசிக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். மச்சான் சொன்னதை எல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சொன்னார்.

"ஐயா, கர்சீப்பும் சரக்கு ரூமும்தான் உங்களைக் காப்பாத்துதுன்னு நினைக்கிறீங்க. ஒரு தடவை அதை விட்டுட்டு நின்னு பார்த்தாத்தான், காப்பாத்துற அளவுக்கு அங்க ஒண்ணும் இல்லைன்னு தெரியும். இன்னொண்ணு, பேசும்போது நீங்க உங்களையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க. எதிர்ல இருக்கிறவரைப் பாருங்க. அவரு சட்டை என்ன கலர்னு பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க."

அப்புறம் ஒரு வேலை கொடுத்தார். கீழே இறங்கி, முன்பின் தெரியாத ஒருவரிடம் அம்மா மண்டபத்துக்கு வழி கேட்க வேண்டும். வேண்டுமென்றே குரலை நடுங்கவிட்டுக் கேட்க வேண்டும். என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். "ஒரு மாதிரி பார்ப்பாங்க. போதைன்னு நினைப்பாங்க. சிரிப்பாங்க," என்றார் மச்சான்.

கர்சீப்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் நாலடி தள்ளி நின்றேன். பூக்கடையில் துளசி மாலை வாங்கிக்கொண்டிருந்த ஒரு நாமக்காரப் பெரியவரிடம் போய்க் கேட்டார். நடுங்கவிட வேண்டிய அவசியமே இல்லாமல் குரல் தானாக நடுங்கியது. பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா மண்டபமா? இப்படியே நேரே போங்கோ, பத்து நிமிஷ நடை. காவேரியில ஜலம் நன்னா போறது. படியில பாத்து எறங்குங்கோ." சொல்லிவிட்டு மாலைக்குப் பேரம் பேசத் திரும்பிவிட்டார்.

எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. "என்ன மச்சான், சிரிச்சாரா?"

"இல்ல."

"ஒரு மாதிரி பார்த்தாரா?"

"இல்ல. சட்டையே போடல. பச்சைச் சால்வை போட்டிருந்தாரு." அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். கொள்ளிடம் பக்கம் போய் ஒரு டீ குடிக்கலாமா என்றுகூடக் கேட்டார். கடையில் நின்று, அத்தனை பேருக்கு நடுவில் டீ குடித்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில், காவிரிப் பாலத்தில், அந்த வெளிச்சம் போய்விட்டது.

"அவரு கோயிலுக்குப் போற பெரியவரு, ஜமாலு. நல்ல மனுஷன். அதான் ஒண்ணும் சொல்லல."

"சரி."

"அதுவும் ஸ்ரீரங்கம். நம்மள யாருன்னே தெரியாது. பாலக்கரைன்னா இப்படி இருக்காது."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு நல்லது நடந்து முழுசாக ஒரு மணி நேரம் ஆகவில்லை. அதற்குள் அந்தப் பஞ்சாயத்து கூடி, அந்தப் பெரியவரை நல்லவர் என்று தள்ளி வைத்து, பாக்கி உலகத்தைப் பழையபடி கெட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டது. லிசியிடம் மறுபடி போகலாம் என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். கல்யாண வேலை இருக்கிறது, முடியட்டும் என்றார்.

அதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்த வழி, அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்வது. மகள் மேல் இருக்கிற பாசத்தில் செய்தார், அதை நான் குறை சொல்ல முடியாது. சரக்கு அறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று சொல்லிப் பார்ப்பார். கடை வாசலில் எனக்குக் கேட்கும். கணீரென்று, ஒரு பிசிறு இல்லாமல் வரும். 'என் மகள் ஆஃப்ரினை' என்கிற இடத்தில் கொஞ்சம் கனிந்து வரும். என் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நான் உள்ளே எட்டிப் பார்த்தால் போதும், அடுத்த வார்த்தை அங்கேயே நின்றுவிடும். கர்சீப் முகத்துக்குப் போகும். ஒரு ஆள் பார்த்தாலே இப்படி என்றால் முன்னூறு பேர் பார்த்தால் என்ன ஆகும் என்று என்னையே கேட்பார். எட்டிப் பார்த்த நான் குற்றவாளி மாதிரி கல்லாவுக்குத் திரும்புவேன். பிறகு எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அவருக்கு உதவி செய்யப் போகிற ஒவ்வொரு கையும் அவர் பயத்துக்குத்தான் துணை போனது. வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கல்யாணத்தன்று மண்டபத்தில் கீழே ஆண்கள், மாடியில் பெண்கள். கீழே பேசுவது மாடிக்கு ஒலிபெருக்கியில் போகும். காலையில் மச்சான் நல்லபடியாகத்தான் இருந்தார். புது வெள்ளைச் சட்டை, தொப்பி, அத்தர் வாசனை. வழக்கம்போல சமையல் பக்கம் போகப் பார்த்தவரை நான் கையைப் பிடித்து மேடையில் உட்கார வைத்தேன். எதிரே அயான். பக்கத்தில் ஹஜ்ரத். இந்தப் பக்கம் மச்சானின் அண்ணன் தஹ்ஸீன். அவர் ஜமாத்தில் பேசிப் பழகியவர், மைக்கைக் கண்டால் விடமாட்டார்.

குத்பா பிரசங்கம் முடிந்தது. ஹஜ்ரத் திரும்பினார். "பொண்ணுக்குப் பொறுப்பான வலி யாரு, அத்தாதானே? மாப்பிள்ளை கையைப் பிடிங்க பாய். நீங்களே சொல்றீங்கல்ல?"

மச்சான் அயானின் கையைப் பிடித்தார். மைக்கை அவர் முன்னால் நகர்த்தினார்கள். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் அயானைப் பார்க்கவில்லை. பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். அது லேசாக ஆடியது. அவ்வளவு பக்கத்தில் இருந்த எனக்கே உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் பந்தி எப்போது போடுவார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மச்சான் இன்னொரு கையால் மைக்கைப் பொத்தினார். ஹஜ்ரத் பக்கம் சாய்ந்தார்.

"எங்க அத்தா மவுத்தானதுக்கு அப்புறம் எங்க அண்ணன்தான் இந்தக் குடும்பத்துக்குப் பெரியவரு. அவரு பக்கத்துல இருக்கும்போது நான் சொல்றது மரியாதை இல்ல. அவரையே வக்கீலா வைக்கிறேன், அவரு சொல்லட்டும்."

சொல்ல வேண்டிய வாக்கியத்தைவிட இது எவ்வளவோ நீளம். ஓர் இடத்தில்கூடக் குரல் நடுங்கவில்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் உருகிவிட்டார்கள். இந்தக் காலத்தில் அண்ணனுக்கு இப்படி மரியாதை கொடுக்கிற தம்பி யார் இருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என் காதருகே சொன்னார். தஹ்ஸீன் தம்பியின் தோளைத் தட்டிவிட்டு, அயானின் கையை வாங்கிக்கொண்டு, மண்டபம் அதிரச் சொன்னார். 'என் தம்பி மகள் ஆஃப்ரினை' என்று சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. என்ன நினைப்பிலோ, வாய்ப்பழக்கத்திலோ, உரிமையிலோ, 'என் மகள் ஆஃப்ரினை' என்றே ஆரம்பித்துவிட்டார். ஹஜ்ரத் திருத்தி, மறுபடி முறையாகச் சொல்ல வைத்தார். அதற்குள் மாடியில் குலவைச் சத்தம் கிளம்பிவிட்டது. திருத்தியது அங்கே யார் காதிலும் விழவில்லை.

சாயங்காலம் பெண்ணை அனுப்பி வைத்த பிறகு, மண்டபத்து வாசலில் என் காரில் மச்சான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அக்கா சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்துகொண்டிருந்தார்கள்.

"மாப்பிள்ளை ஷெர்வானி என்ன கலர் மச்சான்?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். கோபம்.

யோசித்தார். "தெரியல."

கையைப் பிடித்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தவர். அதற்கு மேல் எனக்குக் கேட்க மனசு வரவில்லை.

அவராகவே கேட்டார். "பொம்பளைங்க பக்கம் என்னைப் பத்தி ஏதாவது பேசிக்கிட்டாங்களா?"

பேசிக்கொண்டார்கள். அக்கா என்னிடம் மதியமே சொல்லிவிட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு. சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். சொன்னேன்.

"மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க ஆஃப்ரின்கிட்ட, 'உங்க அத்தா என்ன கணீர்னு சொல்றாரு, கொரலே கம்பீரமா இருக்கு'ன்னாங்களாம்."

மச்சான் மூச்சை விட்டார். உடம்பே தளர்ந்து சீட்டில் சாய்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ். பார்த்தியா, நான் சொல்லியிருந்தா இந்தப் பேரு கெட்டுப் போயிருக்கும்."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அதுக்கு ஆஃப்ரின் என்ன சொன்னா?"

"'ஆமா, எங்க அத்தாதான்'னு சொன்னா."

முதலில் அவருக்கு வாய் மட்டும் கோணியது. பிறகு அழ ஆரம்பித்தார். சத்தமாக, சின்னப் பிள்ளைகள் அழுவது போல. கர்சீப் மடியிலேயே கிடந்தது. கார்க் கண்ணாடி இறக்கியிருந்தது. போகிற வருகிறவர்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அதில் ஒருவர், அவரும் மகளைக் கட்டிக் கொடுத்தவராக இருக்க வேண்டும், தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். மச்சான் யாரையும் பார்க்கவில்லை. அவரை நான் அறிந்த இத்தனை வருஷத்தில், யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் அவர் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

மறுநாள் காலையில் நான் கடை திறக்கும் முன்பே போன் வந்தது.

"ஜமாலு, நேத்து கார்ல நான்... யாரும் பார்க்கலையே?"

யாரும் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போனை வைத்திருப்பார். வாழ்நாள் முழுக்க நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறோம். நேற்று அவர் மகளும் அவருக்காக ஒரு பொய்யைச் சொன்னாள். ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லிப் பார்ப்போம் என்று நினைத்தேன்.

"பார்த்தாங்க மச்சான். ரெண்டு பேரு. உங்களைத் தப்பா நினைக்கல. அதுல ஒருத்தரு உங்களைப் பார்த்துட்டுத் தானும் அழுதாரு."

"இன்னொருத்தரு?" என்றார்.